ஒரு பட்டமும் குறையாமல்

ஆறு வற்றாதிருக்க, அடுப்பு அணையாதிருக்க, அரசர்கள் தங்கள் பட்டங்களைத் தாங்களே நம்பிவிடாதிருக்க!

மலை மூன்றும் மதகு நான்கும் உடையவரும், பகைவர் கேட்டு நடுங்கும் யானைப்படையின் தலைவியுமாகிய (யானைகள் இரண்டு, ஒன்றுக்கு மூட்டுவலி) வேங்கைநாட்டு அரசி உமையாண்டாள் தேவியாரின் ஆணைப்படி, அமைச்சர் மாறாடி நம்பி, அக்கரையில் செங்கோலோச்சும் கீழைத்துறை மன்னர் பூவராகத்தேவரின் திருமுன் வைக்கும் ஓலை.

தங்கள் நாட்டில் ஆற்றங்கரைச் சந்தையில் மட்டும் நிற்கும் சங்கு மேடையை இனி எல்லாச் சந்தைகளிலும் எழுப்ப வணிகர் வலம்புரியார் உரிமை கேட்கிறார், கொடுக்கலாமா என்று வினவியிருந்தீர்கள். விடையாக, அவர் மேடைகள் சந்தைதோறும் நிற்கும் எங்கள் நாட்டில் ஓடக்காரி மின்னாயிக்கு நேர்ந்ததை விண்ணப்பிக்கிறோம்.

மேடையின் முறை தாங்கள் அறிந்ததே. எவரும் தம் செய்தியை ஓலை நறுக்கில் எழுதிப் பானையில் போடலாம். வலம்புரியாரின் ஆட்கள் பொறுக்கியெடுத்துக் கொடுப்பதைக் கூவுவோன் சங்கூதி உரக்கச் சொல்வான். பொறுக்குவதற்கு அவர் வகுத்த விதி ஒன்றே: எதைக் கேட்டுச் சனம் நிற்கிறதோ, அதையே திரும்பக் கூவு. மதகு திறக்கும் நாளைக் கூவினார்கள், ஒருவரும் நிற்கவில்லை. மின்னாயி நடு ஆற்றில் பிள்ளைகளைத் தள்ளி ஆற்றுக்குப் பலி கொடுக்கிறாள் என்று எவனோ எழுதிப்போட்டதைக் கூவினார்கள், சந்தையே நின்றது. பிறகென்ன, விடிந்தால் மின்னாயி, பொழுது சாய்ந்தால் மின்னாயி. காணாமற்போனதாகச் சொல்லப்பட்ட பிள்ளை மாமன் வீட்டில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான். அதைக் கூவினால் யார் நிற்பார்?

மின்னாயி மேடைக்குப் போய் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். அங்கிருந்த ஆள் சொன்னதை, அரசியாரின் கட்டளைப்படி, சொன்னபடியே எழுதுகிறோம்: “இந்தா பாரு தாயி, இது சங்கு. சங்குக்கு வாயிதான் உண்டு, காது கெடயாது.” அன்று மாலையே, கூவியதைக் கேட்டுக் கொதித்தவர்கள் அவள் ஓடத்தைக் கொளுத்தினார்கள். அவள் இடுப்பளவு நீரில் நின்று, கருகிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கரைசேர்த்தாள். அவள் ஏறிவரும் படித்துறையில் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஓடம் எரிந்ததைவிட அதுதான் சுட்டது என்று அவையில் சொன்னாள்.

வழக்கு நடந்தது. வலம்புரியார் பட்டுக்குடையோடு வந்தார். குடை பிடித்தவனுக்கும் ஒரு குடை பிடிக்கப்பட்டது. மேடை மட்டுமே தம்முடையது, வாய் ஊருடையது, எழுதியவனைப் பிடியுங்கள், கொளுத்தியவனைப் பிடியுங்கள் என்று மொழிந்தருளினார். கொளுத்தியவர்கள் ஏற்கெனவே சிறையில் இருந்தார்கள். ஆயினும் அவைப்புலவர்கள், புரியாததை எல்லாம் ஆழமென்று கொள்ளும் தங்கள் வழக்கப்படி, தலையாட்டினார்கள்.

அப்போது அரசியார், அன்று கூவியதை அப்படியே கூவிக்காட்டும்படி கூவுவோனைப் பணித்தார். அவனோ நடுங்கிப்போய், பொய்ச்செய்தியைச் சொல்லிவிட்டு, “இது வலம்புரியார் வாக்கு” என்று சுருக்கமாக முடித்தான். அவ்வளவுதான். வலம்புரியார் துள்ளி எழுந்தார். “அடேய், பட்டமெல்லாம் எங்கடா?” என்று அதட்டி, அவரே அடித்தொண்டையில் முழங்கினார்: “இது எண்டிசைக்கும் ஏகவாய், சந்தைகளின் சக்கரவர்த்தி, மௌனத்தை வென்ற மாவீரர், வள்ளல் வலம்புரியார் வாக்கு!”

குடைக்காரன் மெல்லக் குடையை மடக்கினான்.

எங்கள் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததன்று: கூவும் சொல்லின் முடிவில் எவர் பெயர் வருகிறதோ, சொல் அவருடையது, பொய்யானால் கூவிய இடத்திலெல்லாம் நின்று தம் வாயாலேயே திரும்பப் பெறவேண்டும். வராத கிரகணத்தை அறிவித்த குற்றத்துக்காக அரசியாரின் தந்தையாரே சந்தையில் வெயிலில் நின்றிருக்கிறார். வலம்புரியாரோ, பட்டங்கள் வெறும் அலங்காரம் என்றார். “பேரு மட்டும் ஒனக்கு, பழி மட்டும் ஊருக்கா?” என்று கேட்டார் அரசியார்.

தீர்ப்பு வருமாறு: முன்னிலும் பெரிய ஓடம் வலம்புரியார் செலவில். பொறுக்குவோரும் பொறுக்கச் சொல்வோரும் இனிக் கூவப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு. ஏற்க மனமில்லையேல் மேடையைப் பிரித்து விறகாக்கலாம். அதோடு, பொய் ஒலித்த மேடைதோறும் அவரே ஏறி, தம் பட்டங்கள் அனைத்தோடும் அது பொய்யென்று கூவவேண்டும்.

முதல் மேடையில் அவர் முனகியபோது, கூட்டத்தின் முன்னால் நின்ற மின்னாயி கையைக் காதில் வைத்து, “சத்தமா சொல்லுங்க சாமி, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலியாம்” என்றாள். சந்தை சிரித்த சிரிப்பில் எங்கள் மூட்டுவலி யானைகூட எழுந்து நின்றது. புது ஓடம் நீரில் இறங்கிய நாளில் படித்துறையில், முன்பு பிள்ளைகளை இழுத்துக்கொண்ட அதே பெண்கள் பிள்ளைகளோடு ஓடத்தில் ஏறினார்கள். மின்னாயி அவர்கள் ஏறக் கைகொடுத்தாள்.

எங்கள் மேடைகளில் எல்லாம் கூவி முடித்தார்; அதே பொய் ஒலித்த மேடைகளில் மிஞ்சியிருப்பது தங்கள் கரையிலுள்ள அந்த ஒரே மேடை. ஆகவே, இவ்வோலையைத் தங்கள் கையில் தருபவள் மின்னாயி. அவள் ஓடத்தில் இருபுறமும் இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து அமர்ந்திருக்கும் சரக்கு வலம்புரியார். மேடையேற்றிக் கூவச் செய்து, கேட்டு மகிழ்ந்து, உரிமை தருவதைப் பற்றிப் பிறகு முடிவு செய்தருள்க.

பட்டங்களைச் சுருக்கிக்கொள்ள அவர் தங்களிடம் மன்றாடுவார். இங்கும் மன்றாடினார். ஒரு பட்டமும் குறையாமல் சொல்லச் செய்க.

இது வேங்கை முத்திரை பதித்த ஓலை. இதன் முடிவில் வரும் பெயர் உமையாண்டாள். சொல்லும் பழியும் அவருடையவை.