காதோடு சொன்ன சம்பளம்

குரும்பலூர் முதல் சிறுவாச்சூர் வரை உள்ள வெங்காயக் காடுகளின் வரப்பில் நின்று கூலி பேசியவளே, உன் அதட்டலில் வாலிகண்டபுரத்துக் கோயில் புறாக்களைப் பறக்க வைத்தவளே, என்னைப் பெறாமல் வளர்த்த என் அன்பு பாக்கியம் அக்காவே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டலாம் என்றார்கள். அதில் உன் படம் தீப்பெட்டி அளவுக்கும், சுற்றி ஒட்டுகிறவர்கள் படம் கதவு அளவுக்கும் இருக்கும். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். உனக்கு ரகசியம் பேசவே வராது.

உன் மகள் ரேவதியைப் பற்றித்தான் சேதி. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் ஏன் இவ்வளவு சந்தேகக்காரன் ஆனேன் என்று படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

சந்தேகம் நமக்குக் குடும்பச் சொத்து. வேறு சொத்து கிடையாது. நம் அம்மா காலத்தில் கூலி கம்புத் தானியமாக வந்தது. அதை அளந்துபோடும் பண்ணை வீட்டு மரக்காலின் வயிற்றில் ஓர் ஒடுக்கு இருந்தது. அது கீழே விழுந்த ஒடுக்கா, சுத்தியலால் அடித்த ஒடுக்கா என்று அம்மா சாகும்வரை ஆராய்ந்தாள். அந்த ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று டாக்டர் பட்டம் கொடுத்திருக்கலாம். அப்புறம் கூலி பணமாக மாறியது. பணத்தில் ஒடுக்கு விழாது என்று நம்பினோம்.

ஆனாலும் நீ நம்பவில்லை. காட்டுவேலைக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் தலைவியாக நீ ஆனதும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். காட்டுக்காரன் வரப்பில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி கூலியைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஒருத்தியின் கால்கூட மண்ணில் படாது. நான் முதன்முதலாகக் குத்தகைக்குக் காடு பிடித்துச் சின்ன வெங்காயம் போட்ட வருஷம், கூடப்பிறந்தவள் கொஞ்சம் சலுகை காட்டுவாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ இடுப்பில் கையை வைத்தாய்.

"கூலி எவ்ளோடா?"

"நம்ம வூட்டு வேலதானேக்கா... பாத்து..."

"பாத்து என்ன பாத்து? நம்ம வூடுன்னா வெயில் கொறைச்சலா அடிக்குமா? சத்தமா சொல்லு. அந்தாண்ட கடைசில நிக்கிற ராஜகிளிக்கும் கேக்கணும்."

"ஊர்க்கூலிதான்க்கா!"

"ஊர்க்கூலி. ரெண்டு தடவ டீ. ஒரு தடவ வடை. எறங்குங்கடி!"

அன்றைக்கு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன்வரை போயிருக்கும். ஒரு கூட்ஸ் வண்டியாவது சிக்னல் என்று நினைத்துக் கிளம்பியிருக்கும்.

பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் சிமெண்ட் லாரியில் ஏறினார்கள். நூறு நாள் வேலை வந்தது. அதுவரை வேலை கேட்டு நம் ஆட்கள் காட்டுக்காரன் வாசலில் நின்றார்கள். அதற்குப் பிறகு ஆள் கேட்டுக் காட்டுக்காரன் நம் வாசலில் நின்றான். அப்போது பார்த்து நான் காட்டுக்காரன் ஆனேன். என் ஜாதகத்தின் அருமை அப்படி.

அப்புறம்தான் ஷூ கம்பெனி வேன் வந்தது. விடியற்காலையில் ஊருக்குள் வந்து, தெருவில் உள்ள இளம்பெண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. ரேவதியும் மூன்று வருஷமாக அதில்தான் போகிறாள். குனிந்தபடியே தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. அது உனக்கே தெரியும், நீதான் எண்ணெய் தேய்த்துவிடுவாய்.

அந்த வேனின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். அதில் போகிற பெண்கள் யார் யாரைக் காதலிக்கிறார்கள், யார் மாமியார் என்ன குழம்பு வைத்தாள் என்பதுவரை ஊருக்கே ஒலிபரப்புவார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் வாயில் பூட்டு. நான் விடுவேனா? டீக்கடையில் கேட்டேன், ரேஷன் வரிசையில் கேட்டேன், சிறுவாச்சூர்க் கோயிலில் அம்மன் முன்னாலேயே வைத்துக் கேட்டேன். "அதெல்லாம் வெளில சொல்லக்கூடாது மாமா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூலியைக் காக்கா குருவிக்கெல்லாம் கேட்கும்படி சொன்ன ஊரில், கூடப்பிறந்தவளுக்கே சம்பளம் தெரியவில்லை. இது என்ன சம்பளமா, சாமி மந்திரமா?

போன மாதம் ரேவதி என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மாமா, ஹெச்.ஆர். சார் கூப்புட்டாரு. என்னை சூப்பர்வைசர் ஆக்குறாங்களாம். நான் எங்கம்மா கூட்டத்துல இருக்குறவங்களை வேலைக்குக் கூட்டிட்டு வரணுமாம். நின்னு பாக்குற வேல மாமா, குனிய வேணாம். என் பாப்பாவ டவுன் ஸ்கூல்ல சேத்துடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கண்ணை மூடி, தாடையைத் தடவி, தலைமை நீதிபதியைப்போல ஒரு நிமிஷம் இருந்தேன்.

"கம்பெனிக்காரன் சும்மா தரமாட்டான்மா. இதுல ஏதோ இருக்கு. ஒரு மாசம் போகட்டும், பொறுமையா யோசிச்சு..."

"வெங்காயம் புடுங்கி முடிச்சப்பறம்னு நேரா சொல்லுங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி, அடுப்படியிலிருந்து.

ஆமாம் அக்கா. என் காட்டில் தாள் சாய்ந்து வெங்காயம் பிடுங்கத் தயாராக நின்றது. மேற்கே மேகம் வேறு கட்டிக்கொண்டிருந்தது. உன் கூட்டம் கம்பெனிக்குப் போய்விட்டால் நானும் என் வீட்டுக்காரியும் ஆடும் கோழியும்தான் பிடுங்க வேண்டும். உலகத்தையே சந்தேகப்பட்ட நான், என் வாயிலிருந்து வந்த புத்திமதியை அன்றுதான் முதன்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

ரேவதி உன் கூட்டத்தாரிடம் போய்க் கேட்டாள். ராஜகிளி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "கூலி தர்றவர வரச் சொல்லு. எங்க முன்னாடி சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஹெச்.ஆர். சார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் வாசனை, அந்தச் சிரிப்பு. பல்லுக்குப் பல் இடைவெளி விடாத அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே என் சந்தேகம் ஒரு முழம் வளர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நாற்காலி போட்டோம். ஒரு பக்கம் உன் கூட்டம், இன்னொரு பக்கம் ஏற்கெனவே வேனில் போகிற பெண்கள். கேண்டீன், வேன் வசதி, பி.எஃப். எல்லாம் சொன்னார். சம்பளத்துக்கு வந்ததும் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

"அது ஆபீஸ்ல தனித்தனியா சொல்லுவோம்மா."

"ஏன் சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படி வெக்கப்படுறீங்க? சும்மா சொல்லுங்க" என்றாள் ராஜகிளி.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். வேறு வழியில்லாமல், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இவ்வளவு என்று சொன்னார். "கேக்கலைங்க!" என்று கடைசியிலிருந்து ஒரு குரல். மறுபடி உரக்கச் சொன்னார்.

உன் கூட்டத்தில் நல்ல சலசலப்பு. ஆனால் வேன் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் இல்லை. சங்கீதா என்கிற பெண் மெதுவாக எழுந்தாள்.

"சார், நான் ரெண்டு வருஷமா வரேன். எனக்கே அவ்ளோ இல்லையே?"

"எனக்கும் இல்ல" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து வெளியே வந்தது. ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, 'உன் வேலைத் திறமைக்காக உனக்கு மட்டும் கூடப் போட்டிருக்கிறோம், மற்றவர்களிடம் சொன்னால் அவர்கள் மனசு கஷ்டப்படும்' என்று சொல்லியிருக்கிறார்கள். பூட்டு போட்டது பயமில்லை அக்கா. ஒவ்வொருத்தியும், நமக்கு அதிகம், தோழிக்குக் குறைச்சல், பாவம் என்று பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்! எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தான். நாளைக்கு வரப்போகிறவளுக்கு அதைவிட ஆயிரத்துச் சொச்சம் அதிகம். நான் எத்தனையோ சதித்திட்டங்களைக் கற்பனை செய்திருந்தேன். நல்ல மனசையே பூட்டாகப் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரேவதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்கிட்டயும் அப்படித்தான் மாமா சொன்னாங்க. அதான் அம்மாகிட்டகூட சொல்லல." அது உண்மையா? உன்னிடம்கூடவா சொல்லவில்லை?

மறுநாள் வேன் வந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. "பழையவங்களுக்கும் அதே சம்பளம்னு சார் சொல்லட்டும்ண்ணே, ஏறுறோம்" என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேன் காலியாக வந்து காலியாகப் போனது. சும்மா இருக்கும் நாளை வீணாக்குவானேன் என்று எல்லாரும் என் காட்டுக்கு வந்துவிட்டார்கள். என் வெங்காயம் பிழைத்தது. உடனே ஊருக்கு என்மேல் சந்தேகம். இந்தக் கலகத்தையே நான்தான் வெங்காயத்துக்காகக் கிளப்பினேனாம்! அவ்வளவு மூளை எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் குத்தகைக் காட்டில் உட்கார்ந்திருக்கிறேன்?

பிடுங்கிய வெங்காயத்தைக் குவித்துப் பட்டறை போட்டுக்கொண்டிருந்த கடைசி நாள் ரேவதிக்கு போன் வந்தது. பழையவர்களுக்கும் அதே சம்பளம், சூப்பர்வைசர் இடமும் அவளுக்காகவே இருக்கிறதாம். வேறு யார் சொன்னாலும் இந்தக் கூட்டம் வராது என்று கம்பெனிக்கே புரிந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சூப்பர்வைசர் வேணாம் மாமா. இவங்களவிட அதிகமா வாங்கிட்டு இவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? எங்கம்மா இருந்தா ஒத்துக்காது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த போக வெங்காயம் பேசிவிடுமோ என்று பயம்.

ராஜகிளி வெங்காயத் தாள் அரிவதை நிறுத்தினாள். "யாருடி சொன்னா? உங்கம்மா எல்லாக் காட்டுலயும் கூலிக்கு மேல ஒரு கூடை வெங்காயம் கூட வாங்கும். வூடு வூடா அலைஞ்சு ஆள் சேக்குதுல்ல? ஆனா எங்க முன்னாடிதான் வாங்கும். 'எனக்கு ஒரு கூடை கூட, எல்லாரும் பாத்துக்குங்கடி'ன்னு சொல்லிட்டுத்தான் தலையில தூக்கும். உனக்கு வேணும்னா நீயும் சொல்லிட்டு வாங்கு."

"என் காட்டுல வாங்கினதே இல்லையே?" என்றேன் பெருமையாக.

"உங்க காட்டுலயுமா... நீங்க டீ வாங்கப் போயிருப்பீங்க."

காடே சிரித்தது. ரேவதியும் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா, மரக்காலின் ஒடுக்கை ஆராய்ந்த பரம்பரை நான். என் கண்ணெதிரே கூடை கூடையாகப் போயிருக்கிறது! மொத்தம் எத்தனை போகம்? ஒரு கூடைதானா, இல்லை தம்பி என்ற உரிமையில் இரண்டா? ராஜகிளி சொல்லமாட்டேன் என்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் ரேவதி வேன் படிக்கட்டில் நின்று, சூப்பர்வைசருக்குப் போட்டிருக்கும் சம்பளத்தைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "இதுல ஆள் கூட்டிட்டு வர்றதுக்கு இவ்ளோ, நின்னு வேல பாக்குறதுக்கு இவ்ளோ. சரியா?" என்று கேட்டாள். "சரிக்கா, ஆனா புரோட்டா வாங்கித்தரணும்" என்றாள் சங்கீதா. உன் கூட்டம் ஏறியது. கதவு மூடியது. என் காட்டுக்கு இனி ஆள் இல்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ஹெச்.ஆர். சாரைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபம். அதைவிடக் கஷ்டமான வேலையை ஏற்றுக்கொள்கிறேன்: இனி நம் ரேவதியையும் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு முறை அவள் சம்பளம் ஏறும்போதும் வேன் வாசலில் போய் நின்று "எவ்ளோம்மா?" என்று கேட்பேன். எந்த நாளிலாவது அவள் குரலைத் தாழ்த்தி, "அப்பறம் தனியா சொல்றேன் மாமா" என்றால், அந்த வேன் என்மேல் ஏறித்தான் போக வேண்டும்.

உன்னிடம் கூடைக் கணக்கில் ஏமாந்த தம்பி,
ரேவதியின் தாய்மாமன்,
சின்னசாமி