பிரேக் பிடிக்கும் என்று நம்பியவர்

மாப்ளே,

நம் கம்பெனி ஒரு மாபெரும் முடிவை எடுத்திருக்கிறது. நிர்வாகத்தார் ஏ.சி. அறையில் இரண்டு அமர்வுகளாகக் கூடி, மல்லிகையா ரோஜாவா என்று நெடுநேரம் வாதாடி, பூ விளையும் மண்ணின் பெருமையையும் கருத்தில் கொண்டு, எல்லா லாரி கேபினிலும் மல்லிகை வாசனை டப்பா தொங்கவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். டிரைவர்களின் கோபம் தணியும் என்பது நோக்கம். நேற்று என் வண்டியிலும் மாட்டினார்கள். வடமதுரை தாண்டுவதற்குள் மல்லிகையைத் தள்ளிவிட்டுக் கீழிருந்து பழைய வாசனை ஏறி வந்தது. கருகிய பிரேக் லைனர். உடனே உன் ஞாபகம்.

உன்னைப் பொறுமைசாலி என்று எழுதினால் நீயே எழுந்து வந்து என்னை அறைவாய். நீ பல்லைக் கடித்தால் கேபினில் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பிரேக்கைப் பார்க்கச் சொன்னதற்கு ஹாரனைப் பழுதுபார்த்துக் கொடுத்த மெக்கானிக்கை, கழுத்தோடு சேர்த்து டயர் அடுக்கில் சாத்தினாய். "நிறுத்த முடியலேன்னா ஒதுங்கச் சொல்லலாம்ல" என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியின் பழுதைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவார்கள். அதற்குப் பராமரிப்பு என்று பெயர். அந்தச் சுழற்சியில் ஊரிலேயே தேய்ந்துபோன லைனர்கள் உன் வண்டிக்கு வந்து சேர்ந்தன.

வண்டிகளை அனுப்பும் மேலாளரின் அறையில் மட்டும் எல்லாம் பழுதில்லாமல் ஓடியது. சுவர் அகலத்துக்குத் திரை. அதில் நாமெல்லாம் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருப்போம். டீ குடிக்க நிறுத்தினால் புள்ளி சிவப்பாகும். கிளாஸ் உதட்டுக்கு வருமுன் போன் அடிக்கும். "ஏன் நிக்குது? வண்டி ஏன் நிக்குது?" நிற்பதே குற்றமாக இருக்கும் இடத்தில் பிரேக்குக்குச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? நீ போனில் கத்துவாய். "போறது பெரிய விசயமில்ல சார், நிக்கணும்ல!" அவர் அமைதியாகச் சொல்வார். "பிரேக் நல்லாத்தான் இருக்கு. உனக்கு மிதிக்கத் தெரியல."

திருச்சி ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்த அன்று நீ மிதித்தாய். பெடல் தரையைத் தொட்டது. வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று. ஒரு கிடாயை நசுக்கி, சோளக்காட்டுக்குள் இறங்கித்தான் நின்றது. ஆட்டுக்காரர் தொரட்டிக் கம்பால் உன் முதுகைப் பிளந்துவிட்டு, செத்த கிடாயையும் உன் தலையில் கட்டி அனுப்பினார். நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குள் போனாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். மேசைக் கண்ணாடி தெறிக்க அதைப் போட்டாய். ரத்தம் திரையில் அடித்து, ஒட்டன்சத்திரம் பக்கம் போய்க்கொண்டிருந்த இரண்டு புள்ளிகளை மறைத்தது.

"பிரேக் புடிக்குதுன்னீங்கள்ல? இதுகிட்டச் சொல்லுங்க."

அவர் முதலில் திரையைத்தான் துடைத்தார். பிறகு கேட்டார்: "லோடு எறக்கியாச்சா?"

நீ அவர் சட்டையைப் பிடித்துவிட்டாய். நாலு பேர் சேர்ந்து உன்னைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு உன் முழங்கையால் ஒரு பல் ஆடியது. "ஏலே பாய், நடுவுல வராதன்னு சொன்னேன்ல" என்றாய், மன்னிப்புக் கேட்கிற தொனியில். அன்று மதியம் ஷெட்டில் கிடாய்க்கறி வெந்தது. அறுக்காமல் செத்த ஆடு என்பதால் நான் ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன். நீயும் தொடவில்லை. "கண்ணத் தொறந்துக்கிட்டே கெடந்துச்சு பாய்" என்று மட்டும் சொன்னாய்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அதே வண்டிக்குப் பழனி லோடு போட்டார்கள். அதே லைனர். காலையில் சாவியை நீட்டிய மேலாளரிடம் நீ முதலில் மரியாதையாகத்தான் பேசினாய், நான் சாட்சி.

"ரோடு பூராம் பாதயாத்திரைச் சனம் நடந்து போகுது சார். கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போறாக. வேற வண்டி குடுங்க. இல்ல, ரெண்டு நாள் கழிச்சுப் போறேன்."

"பயமா இருந்தா சாவிய வச்சிட்டுப் போ. ஓட்ட ஆள் இல்லாமலா கெடக்கு?"

"அப்ப எவனும் ஓட்டக் கூடாது" என்று சொல்லி, ஜாக்கி லீவரை எடுத்து வண்டியின் இரண்டு ஹெட்லைட்டையும் உடைத்தாய். அவர் உன் கையைப் பிடித்தார். நீ அவர் வாயில் குத்தினாய். உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டையில் ரத்தம் ஒழுக, அவர் அத்தனை டிரைவர்கள் முன்னாலும் கேபினில் ஏறினார்.

"பிரேக் புடிக்காதா? நானும் ஹெவி லைசென்ஸ் வச்சிருக்கேன்டா. உன் மூக்குக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துறேன், பாக்குறியா?"

நாங்கள் கத்தினோம். கம்பெனியில் அந்த பிரேக் பிடிக்கும் என்று உண்மையாகவே நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை மாதமும் பொய் சொல்கிறார் என்று நினைத்திருந்தோம்.

ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் இறக்கம். கேட் திறந்து கிடந்தது. வெளியே பச்சை வேட்டிக் கூட்டம் ஒன்று, காவடியோடு, அரோகரா போட்டுக்கொண்டு கடந்துகொண்டிருந்தது. வண்டி உறுமிக்கொண்டு, அதற்குள் கேட்டுக்கு ஓடிவிட்ட உன்னை நோக்கி இறங்கியது. உனக்கு ஒதுங்க இடம் இருந்தது, நேரமும் இருந்தது. நீ வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்த இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டாய். அவர் மிதித்தார், அவர் முகம் மாறியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பம்பர் உன்னைக் கேட்டோடு சேர்த்து அழுத்தியது. கேட் வளைந்தது. திறக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் என்ன நடந்தது என்றே தெரியாமல் நடந்து போய்விட்டார்கள்.

உன்னை வெளியே எடுக்க கேட்டை கேஸ் கட்டர் வைத்து அறுத்தோம். நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெருப்புப் பொறி முகத்தில் விழாமல் கையால் மறைத்தேன். மறைக்கத் தேவையில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இப்போதும் வண்டி எடுக்குமுன் பெடலை மிதித்துப் பார்க்கிறேன். திரையில் என் புள்ளி சிவப்பாகிறது. போன் அடிக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விக்கு உன் வாக்கியத்தையே பதிலாகச் சொல்கிறேன், உன் அளவுக்குச் சத்தமாக: போறது பெரிய விசயமில்ல, நிக்கணும்ல. என்னிடம் இருப்பது அதுதான், மாப்ளே. அதோடு ஆடுகிற அந்தப் பல்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. முதலில் கொலை வழக்கு என்றுதான் பதிந்தார்கள். மேலாளர் நிறுத்தத்தான் மிதித்தார் என்றும், அந்த வண்டியின் பிரேக் நெடுநாளாகப் பழுது என்றும் நிர்வாகமே போலீசில் சொன்னது. வண்டியைச் சோதித்த ஆய்வாளரும் அதையே சொன்னார். டிரைவர்கள் எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிரேக் பிடிக்காது என்றோம். வழக்கு விபத்தாக மாறியது. மேலாளர் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்.