சாக்கைத் தொட்டால் சாவா?

ஆனி, திங்கள்

கச்சான் காற்று. சண்டையால் ரயில் வராத வருடம். தம்பலகாமத்தார் வயலை ஆனைகளுக்கு விட்டுவிட்டு எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குக் குடிவந்த வருடம். எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல மகள் பாக்கியம் எழுதுகிறாள்.

துறைமுகத்தில் வேலை இல்லை. பெடியள், கலியாணம் கட்டியவர்கள்கூட, மத்தியானத்தில், முன்பு கொப்பறா மூட்டை அடுக்கின, கூரை போன கிட்டங்கிக்குள் ஒளிப்புச் சண்டை விளையாடுவார்கள், தொட்டால் சாவு. ஒரு பக்கம் சுங்கக்காரர், மறுபக்கம் கள்ளச்சாமான்காரர். ஆமி, இயக்கம் என்று பெயர் வைக்க நான் விடவில்லை. நடுவர் நான்தான், கதிரையில்.

இன்று விளையாட்டு வினையானது. ரவி சாக்குக்குள் ஒளித்திருந்தான். அவன் மச்சான் செல்வம் சாக்கில் கை வைத்து, "செத்தாய்" என்றான்.

"நீ தொட்டது சாக்கை. என்னையில்லை."

"அப்ப உள்ளுக்க இருந்தது ஆர், உன்ர கொப்பரோ?"

அப்பனை இழுத்ததோடு இருவருக்கும் கதை பேச்சு அறுந்தது.

செவ்வாய்

சூடை மீன் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

ரவியின் பெண்சாதி மாலா வந்தாள். செல்வத்தின் தங்கச்சி. "அப்பு, ரெண்டு பேருக்கும் நான்தான் சோறு போடுறன். ஒராள் குசினிக்குள்ள, மற்றாள் வாசலில. வெள்ளிக்கிழமை இவர் கொழும்புக்குப் போய், அங்கயிருந்து வெளிநாடு. அண்ணையோட கதைக்காமப் போனா, பிறகு எப்ப கதைக்கிறது?"



புதன்

விதிகளைச் சொல்லி எழுதுவித்தேன்.

கண்டால் போதாது, தொட வேண்டும், உள்ளங்கையால். தடி கூடாது, ஒழுங்கை முடிவில் ஆமிச் சென்ரிக்காரன் நிற்கிறான், துவக்கு என்று நினைத்துச் சுடுவான்.

உடுப்பில் பட்டாலும் சாவு.

செத்தவர் கிணற்றடியில் இருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. (செல்வம் செத்தாலும் கத்துவான்.)

கடைசியாக உயிரோடு ஒளித்திருப்பவரைக் கண்டு பெயர் சொன்னால்தான் ஆட்டம் முடியும். அதுவரை செத்தவர் எழும்ப ஏலாது.

சாக்கு: ஆளோடு நடந்தால் உடுப்பு, நிலத்தில் கிடந்தால் மதில். யப்பான்காரன் குண்டு போட்ட வருடம், நிலக்கரிச் சாக்குக்குள் புகுந்த என் கூட்டாளி காசிமுக்காக, பெடியளாய் இருந்த நாங்கள் வைத்த தீர்ப்பு.

பாக்கியம் எழுதிக்கொண்டே கேட்டாள்: "ரவி சாக்கோட நடந்து வந்து, பிறகுதானே குந்தினவன். அதுக்கென்ன தீர்ப்பு, அப்பா?"

அதற்குத் தீர்ப்பு இல்லை.

வியாழன்

முழங்கால் வலி. இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: சந்தேகம் வந்தால் தொட்டவனும் செத்தான், தொடுபட்டவனும் செத்தான். திங்கட்கிழமை ஆட்டம் முடியவில்லை, நாளைக்கு முடிப்போம்.

"இதென்ன நியாயம், அப்பு?" இருவரும் ஒரே குரலில். என்னைப் பார்த்துத்தான், ஆளையாள் பார்க்கவில்லை.

வெள்ளி

காற்று அடங்கியது. ரவியின் பை கிட்டங்கி வாசலில். பின்னேரம் பஸ். மாலாவும் ஆட வந்தாள், கள்ளச்சாமான் பக்கம்.

தீர்ப்புப்படி செத்த ரவியும் செல்வமும் கிணற்றடியில், முதுகுக்கு முதுகு. பேச ஏலாது, ஆகையால் சண்டை பிடிக்கவும் ஏலாது. செல்வம் பீடி நீட்டினான். ரவி வாங்கினான். பிறகு அந்தச் சாக்கை எடுத்துச் செல்வத்தின் தலையில் கவிழ்த்தான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். அது முழுக்கச் சிரிப்பில்லை.

எல்லோரும் பிடிபட்டார்கள், மாலாவைத் தவிர. தேடாத இடமில்லை. சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது.

"அப்பு, காணும் ஆட்டம், போதும்! அவன் போகோணும்!" என்று தேடின பெடியள் கத்தினார்கள்.

கிணற்றடியில் இருவரும் அசையவில்லை. விதி விதிதான்.

எனக்குக் கதிரையிலிருந்தே தெரிந்தது. உடைந்த கதவுக்குப் பின்னால் மாலா. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆட்டம் முடியாவிட்டால் அவள் புருசன் எழும்ப மாட்டான். நானும் கொஞ்ச நேரம் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன்.

பஸ் மறுபடி அடித்தது.

எழும்பி நின்று கூப்பிட்டேன்: "மாலா."