அண்ணன் பண்ணைக்குப் போன தண்ணீர்

காலையில் குழாயைத் திறந்தேன். முதல் குடத்தில் பிளீச்சிங் பவுடர் வாசனை. நீ பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது, மேல்நிலைத் தொட்டி கழுவும் நாட்களில் உன் புடவையில் அந்த வாசனைதான் வீட்டுக்கு வரும்.

நாமக்கல்லில் கல்லூரி மாணவர்களுக்கு அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நீ. தேர்தலில் ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன். "பழைய நூலுகள்ல ராஜாக்களுக்குச் சொன்ன புத்திமதிய இத்தன வருசம் போர்டுல எழுதிட்டு இருந்தேனுங்க. ஒருக்கா செஞ்சு பாக்கோணும்" என்றாய்.

நீ பதவிக்கு வந்த முதல் கோடையிலேயே காலனிக்குத் தண்ணீர் ஏறவில்லை. தோண்டிப் பார்த்தால், பெரிய குழாயிலிருந்து உன் அண்ணனின் கோழிப்பண்ணைக்குத் திருட்டு இணைப்பு. சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வந்தார்.

"கூடப் பொறந்தவன்னு பாக்கமாட்டியா சாமி? கோழியெல்லாம் செத்துரும்."

"டேங்கர்ல எடுத்துக்கங்கண்ணா. காலனிக்காரங்க கொடம் மொதல்ல நெறையட்டும்."

காபியைத் தொடாமல் எழுந்து போனார். மறுநாள் நீயே நின்று இணைப்பை அறுக்க வைத்தாய்.

அன்று உனக்குச் சோறு இறங்கவில்லை. "தப்புப் பண்ணுனது பெத்த மகனா இருந்தாலும் தண்டன ஒண்ணுதான்னு அந்தக் காலத்துலயே எழுதி வெச்சாங்க. பொறப்பப் பாத்துத் தண்டனைய ஏத்தி எறக்கவும் எழுதி வெச்சாங்க. மொதல்ல சொன்னத எடுத்துக்கிட்டேன், மத்ததத் தூக்கிப் போட்டுட்டேன். சரிதானுங்களே?" என்று கேட்டாய். கண் கலங்கியிருந்தது. சரிதான் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் வரவில்லை. பொங்கலன்று வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவாய். கடைசிப் பொங்கலில் எழ முடியாமல் என்னைப் பார்க்கச் சொன்னாய். போய்ப் பார்த்தேன், முட்டை லாரி. அண்ணன் வந்தபோது உன்னை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். உன் காலடியில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழவில்லை.

போன வாரம் கிராம சபை. பண்ணைகளுக்கும் குழாய் இணைப்புக் கொடுக்கலாமா என்று புதுத் தலைவர் கேட்டார். உன் அண்ணன் எழுந்தார்.

"வேண்டாமுங்க. எந்தங்கச்சி அறுத்து உட்டத யாரும் ஒட்ட வெக்காதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் கூட்டம் முடியும் முன்பே கிளம்பினேன். செருப்பைக் கழற்றும்போதே உன்னைக் கூப்பிட்டும்விட்டேன். உனக்காகக் கொண்டுவந்த அந்தச் செய்தியை வேறு யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.