ஞாயிறு, பத்து முதல் ஐந்து வரை

ஜூன் 9

வாண்டின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதி அவள் பையில் வைக்கிறேன். ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டிப் போகிறீர்கள், ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடுகிறீர்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வாரமாக ஆறு பூங்கா! போன வாரம் வந்ததும் வராததுமாகக் குளியலறைக்கு ஓடினாள். "அப்பாகூடப் போனா அடக்கிக்கிட்டே இருக்கணும்மா" என்கிறாள். தனி வீடு பார்த்தாயிற்று என்று பெரியவர்கள் முன்னால் மார்தட்டினீர்களே, அங்கே கூட்டிப் போய் ஒரு வாய் சோறு போட்டால் என்ன?

அவள் அம்மா

ஜூன் 9, மாலை

என்மேல் கோபமாக இருப்பவளுக்கு,

வீடு இல்லை. பொய் சொன்னேன். என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கும் மூன்று பேரும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். பெண் குழந்தையை அங்கே எப்படிக் கூட்டிப் போவது? வீடு இல்லையென்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமையும் பறிபோகும் என்று பயந்தேன்.

ஆனால் ஊரையே அளந்துவிட்டோம். ரயில் பாதையோரம் நாடா மாதிரி நீண்டு கிடக்கும் பூங்கா, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நான்கே பெஞ்சு போட்ட பூங்கா, எல்லாவற்றுக்கும் உன் மகள் மார்க் போடுகிறாள். வாத்து இருந்தால் இரண்டு மார்க் கூடுதல். சரியான கறார் பேர்வழி, யாரைக் கொண்டு பிறந்தாளோ! தொலைந்து போனால் எங்கே நிற்பாய் என்று கேட்டுப் பார். "வாசல்ல" என்று பட்டென்று சொல்வாள்.

அவள் அப்பா

ஜூன் 16

பொய் சொல்வது உங்களுக்குப் புதிதா? அதனால்தானே ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறோம். பெரியவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை உங்களுக்காக ஆறு நாளும் விரல் மடக்கிக் காத்திருக்கிறாள். அவள் முகத்துக்காக அனுப்புகிறேன். இன்னொரு பொய் வந்தால் அதோடு சரி.

அவள் அம்மா

ஜூன் 23, மாலை

இதைப் படித்தால் இனி அவளை அனுப்ப மாட்டாய். தெரிந்தே எழுதுகிறேன்.

இன்று அவளைத் தொலைத்துவிட்டேன். நாற்பது நிமிடம். ஏரியை ஒட்டிய பெரிய பூங்கா. தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பினேன், ஆளைக் காணோம். வாசலில் போய் நின்றேன். நான் நகர்ந்த நேரத்தில் அவள் வந்து ஏமாந்துவிடுவாளோ என்று அங்கேயே நின்றேன். இதுவரை போன பூங்காக்களுக்கெல்லாம் ஒரே வாசல். இதற்கு இரண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை. பின்னால் இன்னொரு வாசல் இருக்கிறது என்று சருகு கூட்டும் அம்மா சொன்ன பிறகு ஓடினேன்.

மறு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காவலாளி நிழலுக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். "எங்கப்பா வாசல்லதான் நிக்கச் சொன்னாரு" என்றாளாம். அடக்க முடியாமல் கவுனை நனைத்திருந்தாள். குழாயடியில் அலசிவிட்டேன். "குளத்துல தவறி விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்றேம்பா, நீ பயப்படாதே" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். அந்தப் பொய்யை அவள் வேறு யாரிடம் கற்றிருப்பாள்? வெட்கமாக இருக்கிறது. அவளைத் திட்டாதே.

அவள் அப்பா

ஜூன் 30

பத்து மணிக்கு வந்தேன். பூட்டியிருந்தது. பன்னிரண்டு வரை படியில் உட்கார்ந்திருந்தேன். இதைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கவுனில் கறை போயிற்றா? அவளுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே? இரண்டு வரி எழுது, போதும்.

ஜூலை 4

வாண்டின் அப்பாவுக்கு,

காய்ச்சல் இல்லை. அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். வேண்டுமென்றேதான் போனேன். உங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

அவளைக் கேட்டேன். குளத்தில் விழுந்ததாகவே சாதித்தாள். "அப்பாவே எழுதிட்டாரு கண்ணு" என்றதும்தான் உடைந்து அழுதாள். எட்டு வருடத்தில் நீங்களாக வந்து சொன்ன உண்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று இப்படியா இருக்க வேண்டும்? உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நீங்கள் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதையும் பார்க்கிறேன்.

இனி அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டாம். ஞாயிறு நீங்கள் இங்கே வாருங்கள். அரிசி மேல்தட்டில் இருக்கிறது. குழைய வடித்தால்தான் சாப்பிடுவாள். இந்த ஏற்பாடு அவளுக்காக மட்டும்தான். நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அரைமணியில் குரல் உயரும், அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் நான் வெளியே போய்விடுவேன்.

மருந்துக்கடையில் ஆறு நாளும் நின்றே வேலை. ஞாயிறு ஒருநாள்தான் காலை நீட்டுவேன். பரவாயில்லை, ஏதாவது ஒரு பூங்காவில் பெஞ்சு கிடைக்காமலா போகும்? மழை பெய்தாலும் ஐந்து மணிக்கு முன்னால் திரும்ப மாட்டேன். மதியம் பயமில்லாமல் அவளைத் தூங்க வையுங்கள்.

அவள் அம்மா