நீ முன்கூட்டி எழுதிய நிழல்கள்

அன்புள்ள அண்ணா, மாடியில் நீ நட்ட இரும்புக் கம்பியின் நிழலை இப்போது நான் அளக்கிறேன்.

நீ அரபு படிக்கத் தொடங்கியபோது நம் ஊர் செந்துறையில் எல்லோரும், "துபாய்க்கு எப்பப்பா கெளம்புற?" என்று கேட்டார்கள். நீ போனதோ பழைய அரபுச் சுவடிகளுக்குள். வானத்தைப் பார்த்து எழுதியதாகச் சொன்ன ஓர் இடைக்கால வானியலாளர், உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டு ஏட்டை நிரப்பியிருக்கிறார் என்று கண்டுபிடித்தாய். "நடுநடுவுல 'மேகம்'னு எழுதிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க பாரு" என்று சிரித்தாய். அதுதான் உன் புத்தகம். உண்மையாகப் பார்த்து எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு நீ காட்டிய சான்று, பெரம்பலூர் வீட்டு மாடியில் தினமும் உச்சிவேளை நிழலை அளந்து எழுதிய உன் நோட்டு.

காரியம் முடிந்த மறுநாள் அதைத் திறந்தேன். நீ இறந்தது தை மாதம். உன் கையெழுத்து பங்குனி வரை போகிறது.

நீயுமா அண்ணா? உடம்பு முடியாமல் போனதும் மாடி ஏறாமலே எழுதிவைத்தாயா? எத்தனை வருஷமாக?

பதிப்பகத்தார் கையெழுத்துப்படியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. அரியலூர்க் கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு இங்கேயே தங்கியிருக்கிறேன். "அவருதான் உச்சி வெயில்ல மண்ட காஞ்சாரு. உங்களுக்கும் என்னம்மா?" என்கிறார் அண்ணி.

நிழல் பொருந்துகிறது. அதில் வியப்பில்லை, நான் இயற்பியல் சொல்லித்தருகிறவள். கணக்குத் தெரிந்தால் பேரன் காலத்துக்கும் எழுதிவைக்கலாம். ஆனால் மாசியில் மூன்று நாளுக்கு 'மேகம்' என்று எழுதியிருந்தாய். காலையெல்லாம் காய்ந்த வெயில், அந்த மூன்று நாளும் உச்சிவேளைக்குச் சரியாக மங்கியது. மற்ற நாள்களில் ஒரு துளி மேகம் இல்லை. தற்செயல் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசி வரி வரும் வெள்ளிக்கிழமைக்கு. அளவும் இல்லை, மேகமும் இல்லை. 'பார்க்க ஆள் இல்லை' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுத்தாள்.

அண்ணியிடம் காட்டினேன். "வெள்ளிக்கிழம மட்டும் மாடிப்பக்கம் போவாதீங்க. உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்" என்றார்.

போகாவிட்டால் நீ எழுதியது பலித்துவிடும். போய் நின்றால் நீ பொய்யன்.

நான் போவேன். அந்த வரியை அடிக்காமல், அதன் கீழே அன்றைய அளவை என் கையெழுத்தில் எழுதுவேன். நீ பார்க்காமல் எழுதினாய் என்று உன் புத்தகத்தின் முன்னுரையிலேயே சொல்லி அச்சுக்குக் கொடுப்பேன். நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுவேன் என நினைத்ததில்லை, அண்ணா.

உன் ஒரே தங்கச்சி,
மலர்விழி