வரப்பில் நட்ட கம்பம்

அன்புள்ள வசந்தாமணி,

இருமல் குறைந்ததா? உன் தம்பி வீட்டில் கூச்சப்படாமல் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி.

நம் வரப்பில் இணையக் கம்பம் நட்டுவிட்டார்கள். நீ வேண்டாமென்று கோபித்துக்கொண்டு போன அதே இடத்தில்தான். ரோட்டு வழியாகச் சுற்றிக் கம்பி இழுத்தால் காலனிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. அங்குள்ள பிள்ளைகள் இணையம் கிடைக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோரம் நின்று செல்போனில் படிப்பதையும், அவர்களை விரட்டுவதையும் நீயும் பார்த்திருக்கிறாய்.

நேற்று உன் தம்பி கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டி வந்தார்.

“இன்னைக்குக் கம்பம்பாங்க மாமா, நாளைக்கு வண்டித்தடம் உடுங்கம்பாங்க. தள்ளி நில்லுங்க.”

நம் பக்கத்தில் வரப்பை விட்டுக்கொடுத்தவன் விளைகிற காட்டையே விட்டவன் என்றுதான் பேச்சு. அவர் பயம் தவறென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்க மாமா, அக்கா வேணுமா, கம்பம் வேணுமா?”

நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் போய்விட்டார்கள்.

நீ வைத்தியத்துக்குப் போயிருப்பதாகத்தான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். இன்று காலனியில் இணைப்புக் கொடுத்தாயிற்று. கம்பத்தை இனி எடுக்க மாட்டேன்.

எந்த பஸ் என்று சொல், நிறுத்தத்துக்கு வந்து நிற்கிறேன். உன் தம்பி கேட்ட அந்தக் கேள்வியை நீ மட்டும் கேட்காமல் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்